வாசகர் கேள்வி – பதில்: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 2009ஆம் ஆண்டு ஹைலக்ஸ் விகோ டபுள் கேப் ஓடுகிறது. எஞ்சின் ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும் தவறாமல் மாற்றுகிறோம். ட்ரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் யாரும் தொட்டதில்லை. நாங்களே மாற்றலாமா? என்ன ஆயில், எவ்வளவு? – வாசகர், ஹட்டன்

பதில்: தாராளமாக மாற்றலாம். கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, எஞ்சினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அதற்குள் ஆயில் குறைந்தால் எச்சரிக்க டேஷ்போர்டில் விளக்கு கிடையாது. சத்தம் வந்த பிறகு திறந்தால் பேரிங் போயிருக்கும். அதனால்தான் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். சேற்றிலும் ஏற்றத்திலும் தினமும் உழைக்கும் தோட்டத்து வண்டி என்றால் இன்னும் முன்னதாகவே.

உங்கள் வண்டிக்கு 75டபிள்யூ-90 கியர் ஆயில், ஏறத்தாழ 1 லிட்டர். பம்ப்பிலும் குழாயிலும் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் 2 லிட்டர் வாங்கி வையுங்கள். இரண்டு பிளக்குகளுக்கும் புது வாஷர், அரை லிட்டர் கைப்பம்ப், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகியது என்று அளவு காட்டும் ஸ்பேனர்), அளவுக்கோடு போட்ட ஒரு பாத்திரம் ஆகியவையும் தேவை.

வண்டியை ஒரு கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். சூடான ஆயில் அடியில் தங்கிய கசடையும் அடித்துக்கொண்டு வெளியே வரும். பிறகு சமதளத்திலோ பிட்டிலோ நிறுத்துங்கள். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கினால் ஆயில் பின்னால் சாய்ந்து லெவல் தப்பாகக் காட்டும். தூக்குவதானால் நான்கு சக்கரத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதும் கட்டாயம். ட்ரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியர் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும். கியரை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

அடியில் போனதும் எது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு வந்தால் அது எந்தப் பெட்டியிலிருந்து புறப்படுகிறதோ அதுதான். அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் பிளக்கைத் திறந்து நல்ல ஆயிலைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு.

மேலே இருப்பது ஃபில்லர் பிளக், கீழே இருப்பது ட்ரெயின் பிளக். மேல் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழே திறந்து ஆயிலை இறக்கிய பிறகு மேல் பிளக் இறுகிக்கொண்டு வரவில்லையென்றால், வண்டி அங்கேயே முடங்கிவிடும். மாடலைப் பொறுத்து 24 மி.மீ. அறுகோணத் தலையோ 10 மி.மீ. ஆலன் துளையோ இருக்கும். ஆலன் என்றால் துளையில் அடைந்திருக்கும் மண்ணைக் குத்தி எடுத்துவிட்டுச் சாவியை முழுதும் இறக்குங்கள். அரைகுறையாக மாட்டித் திருகினால் துளை வட்டமாகிவிடும்.

வடிந்த ஆயிலை உடனே ஊற்றிவிடாதீர்கள். எவ்வளவு வந்தது என்று முதலில் அளந்து பாருங்கள். முக்கால் லிட்டர்தான் வந்தது என்றால் எங்கோ சீல் கசிகிறது. பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் சில்லு, பல் துண்டு, மஞ்சள் உலோக மினுக்கம் இருந்தால் புது ஆயில் ஊற்றுவதோடு விஷயம் முடியாது; பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சொட்டு நின்றதும் ட்ரெயின் பிளக்கைப் புது வாஷரோடு போட்டு 37 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். பெட்டி அலுமினியம். நீளமான குழாயை மாட்டி மல்லுக்கட்டினால் மரை பிய்ந்துவிடும். பிளக்கில் மிச்சம் பிடித்த இரண்டு நிமிடத்துக்கு ஹெலிகாயில் (பிய்ந்த மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள்) போடும் செலவு வரும். பிறகு மேல் துளை வழியாக, விளிம்பைத் தொட்டு வழியும் வரை பம்ப் செய்யுங்கள். வழிவது மெல்லிய நூலாகி நின்றதும் மூடிவிடலாம். உங்கள் ஊர்க் குளிரில் கியர் ஆயில் கெட்டியாகப் பம்ப்பில் ஏற மறுத்தால், பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்தெடுங்கள். கடைசியாக மண் பாதையில் 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்), 4எல் (நான்கு சக்கர இழுவை, மெதுவான வேகம்) இரண்டிலும் கொஞ்சம் ஓட்டிவிட்டு, பிளக்கைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் ஓட்ட வேண்டியிருந்தது. பிறகு திறந்தால் ட்ரான்ஸ்ஃபர் ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருக்கிறது. சீல் எதுவும் கசியவில்லை. தண்ணீர் எப்படி உள்ளே போனது? – வாசகர், கடலூர்

பதில்: சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ப்ரீதர் என்ற காற்றுக் குழாய் வழியாகக் காற்று வந்து அதைச் சரிக்கட்ட வேண்டும். ப்ரீதர் மண்ணில் அடைத்திருந்தாலோ அதன் வாய் தண்ணீருக்குள் இருந்தாலோ, சுருங்கும் காற்று தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் சீலின் உதடு உள்ளிருந்து ஆயில் வெளியேறுவதைத் தடுக்கத்தான் வைக்கப்பட்டது. வெளியிலிருந்து உறிஞ்சப்படும் தண்ணீரை அது நன்றாகத் தடுக்காது.

உடனே வடித்துவிடுங்கள், தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் துருப்பிடிக்க நாள் ஆகாது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் வடியுங்கள். நிறம் தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும், ஒரு தடவையில் எல்லாத் தண்ணீரும் வராது. முதல் அலசலுக்கு விலை உயர்ந்த ஆயில் வேண்டாம். அதே கிரேடில் மலிவானது போதும். டீசல் ஊற்றி அலசி ஓட்டுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், பேரிங்கிலும் செயினிலும் ஆயில் படலம் கழுவப்பட்டுவிடும். முன், பின் டிஃபரன்ஷியல் (இணைந்த சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் பெட்டி) ஆயிலையும் திறந்து பாருங்கள். அவையும் அதே தண்ணீரில்தான் நின்றன. ப்ரீதர் குழாயைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து, அதன் நுனியை முடிந்த அளவு உயரத்தில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் மலைப்பாதைத் தார் ரோட்டிலும் 4எச் போட்டுத்தான் ஓட்டுகிறேன். சில சமயம் 2எச்சுக்கு (பின் சக்கர இழுவை மட்டும்) லீவர் வரவே மாட்டேன் என்கிறது. ஆயில் மாற்றினால் சரியாகுமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: ஆகாது. பிரச்சினை ஆயிலில் இல்லை. உங்களுடையது பார்ட்-டைம் 4 வீல் டிரைவ். முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது, நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். பிடிப்புள்ள தாரில் வழுக்க வழியில்லாததால் முறுக்கம் முழுவதும் செயினிலும் கியரிலும் ஏறி நிற்கிறது. லீவரைப் பிடித்து வைத்திருப்பது அந்த முறுக்கம்தான். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில அடி ரிவர்ஸில் வாருங்கள், லீவர் தானாக வரும். தாரில் 2எச் போதும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நேர் ரோட்டிலும் இதே முறுக்கம் ஏறும்.

கேள்வி: ஃபில்லர் பிளக்கைத் திறந்ததும் ஆயில் பீறிட்டு வந்தது. ஒரு லிட்டர் பிடிக்கும் இடத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வடிந்தது, நிறமும் சிவப்பு. போன தடவை மெக்கானிக் அதிகம் ஊற்றிவிட்டாரா? – வாசகர், மஸ்கட்

பதில்: ஃபில்லர் துளைதான் லெவல். வண்டி சமமாக நிற்கும்போது அதற்கு மேல் யாராலும் ஊற்ற முடியாது. சிவப்பு நிறம் வேறு கதை சொல்கிறது: உங்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலான ஏ.டி.எஃப்., இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் வந்திருக்க வேண்டும். முதல் வேலையாகக் கியர்பாக்ஸ் லெவலைப் பாருங்கள். இங்கே கூடியது அங்கே குறைந்திருக்கும், அந்த வெயிலில் ஏ.டி.எஃப். குறைவாக ஓட்டுவது கியர்பாக்ஸுக்கே ஆபத்து. ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றி சீல் மாற்றுவதுதான் தீர்வு.

கேள்வி: 2004 செவர்லே சில்வராடோ, டேஷ்போர்டில் ‘ஆட்டோ 4 வீல் டிரைவ்’ பட்டன் உள்ளது. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு சாதாரண சிவப்பு ஏ.டி.எஃப். போதும் என்கிறார்கள். சரியா? – வாசகர், ஸ்கார்பரோ

பதில்: உங்கள் வண்டிக்குச் சரியில்லை. கையுறைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் என்.பி.8 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பது என்.வி.ஜி. 246 என்ற ட்ரான்ஸ்ஃபர் கேஸ். ஆட்டோ நிலையில் இது கிளட்ச் தட்டுகள் மூலம் முன் சக்கரங்களை இழுப்பதால், அதற்கென்றே நீல நிற ஆட்டோ-ட்ராக் 2 ஆயில் இருக்கிறது; சுமார் 2 லிட்டர் பிடிக்கும். ஏ.டி.எஃப். ஊற்றினால் கிளட்ச் அதிர்ந்து உதறும். என்.பி.1, என்.பி.2 குறியீடு உள்ள, ஆட்டோ நிலை இல்லாத பெட்டிகளுக்குத்தான் டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். ‘போதும்’ என்று சொன்னவர் அவற்றை நினைத்திருக்கலாம்.

இந்த 246இல் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆயில் பம்ப் மெக்னீசியம் உறையின் பின்பாதியில் உரசி, காலப்போக்கில் மேல்பக்கத்தில் சிறு துளை போட்டுவிடும். துளை மேலே இருப்பதால் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டும் இருக்காது. ஓடும்போது மட்டும் ஆயில் வெளியேறும். எனவே வடிந்த அளவு 2 லிட்டருக்கு வெகுவாகக் குறைந்திருந்தால், டார்ச் வைத்துப் பெட்டியின் பின்பக்க மேற்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் பின்பாதி உறையை மாற்றி, பம்ப் உரசாமல் தடுக்கும் கிட்டையும் சேர்த்துப் போட வேண்டும்.