திரையும் இமையும் – கடிதம்

வணக்கம்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நாளுக்கு ஒன்பது மணிநேரம் கணினி, மிச்ச நேரத்தில் கைபேசி. சாயங்காலமானால் கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, சில நேரம் நீராகக் கொட்டுகிறது. நிமிர்ந்து தூரத்தில் பார்த்தால் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கல். நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? பார்வை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கும் நாள் முழுக்கத் திரைதானே, என்ன செய்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் களைப்பும் வறட்சியும். படுத்துகிற தொல்லைதான், ஆனால் பார்வையைப் பறிக்கிற நோயல்ல.

அந்தக் கண்ணாடி வேண்டாம். அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து 2023இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் இருக்கும் நீலஒளியோடு பார்த்தால் திரையிலிருந்து வருவது மிகவும் சொற்பம்.

சிக்கல் இமையில் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது நாம் நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை இமைக்கிறோம். திரையில் ஊன்றிப் படிக்கும்போது அது ஐந்து, ஆறாகக் குறைந்துவிடும். நான் இதை முதலில் நம்பவில்லை. பிழை திருத்தும்போது கைபேசியை எதிரே வைத்து என்னையே படம்பிடித்து எண்ணினேன். ஐந்துதான். அதிலும் இரண்டு அரை இமைப்பு, மேலிமை பாதியில் திரும்பிவிடுகிறது. நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

முழுதாக இமைக்கும்போதுதான் இமையோரச் சுரப்பிகள் மெல்லிய எண்ணெயைப் பிதுக்கிக் கண்ணீர்மேல் பூசுகின்றன. அது இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் வறண்டு உறுத்த, அந்த உறுத்தலுக்குப் பதிலாக உடம்பு கண்ணீரைக் கொட்டுகிறது. வறண்ட கண்ணில் நீர் வடிவது அதனால்தான். அப்படிக் கொட்டும் நீர் கண்ணில் தங்குவதும் இல்லை.

நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு பத்தி முடியும்போதும் இமைகள் தொடும்வரை மெதுவாக இரண்டு தடவை மூடித் திறப்பேன். உங்களுக்கும் பத்தி பத்தியாகத்தான் வேலை, பழகிவிடும். அப்புறம் திரையைக் கை நீட்டும் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வையுங்கள். பார்வை தாழ்ந்தால் இமையும் தாழும், காற்றுபடும் பரப்பு குறையும். மின்விசிறியோ ஏசியோ முகத்தில் நேராக அடிக்கக் கூடாது.

தூரத்துப் பொருள் மங்கலாகத் தெரிவது வேறு கதை. கிட்டத்தில் பார்க்க, கண்ணுக்குள் ஒரு சின்னத் தசை இறுகி லென்ஸைத் தடிக்கச் செய்கிறது. மணிக்கணக்கில் இறுகிக் கிடந்தால் அது உடனே தளராது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கச் சொல்வது அதற்குத்தான். உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த இடைவேளையில் கைபேசியை எடுக்காதீர்கள். கணினியைவிட அதைக் கிட்டத்தில் பிடிக்கிறோம், தசைக்கு அது இன்னும் கூடுதல் வேலை. ஜன்னலுக்குப் போங்கள்.

சொட்டு மருந்து தேவைப்பட்டால் செயற்கைக் கண்ணீர் போதும். சிவப்பைப் போக்கும் மருந்தைத் தொடர்ந்து விடாதீர்கள், நிறுத்தியதும் கண் மறுபடி சிவந்து பழையதைவிட மோசமாகும்.

இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் கண் மருத்துவரிடம் போய், திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நமக்கே தெரியாத சிறு பவர் குறையோடு நாள் முழுக்கப் படிப்பதும் இந்தத் தொல்லையைத் தரும். நாற்பதைத் தாண்டியிருந்தால் திரை தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி தேவைப்படலாம். கடுமையான வலி, திடீரென்று பார்வை குறைவது, ஒளிக்கீற்றுகள் மின்னுவது, திரைச்சீலை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது – இவை திரைக் களைப்பு அல்ல. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.