சம்பளத்தில் வெட்டிய ஈபிஎஃப் காசு போய்ச் சேர்ந்திருக்கிறதா?

சம்பளக் கணக்கு, தொழில் சட்டம் என்று நான் எழுதுவதைப் பொறுமையாக வாசித்தவர்கள் நீங்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கும் அனுப்பி வைத்தீர்கள், எழுதாமல் விட்ட மாதங்களில் எங்கே போனீர்கள் என்று விசாரித்தீர்கள். அந்த ஆதரவுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. கம்பனிகளில் சம்பளப் பட்டியல் தயாரித்துப் பழகிய அனுபவம்தான் என் கைமுதல். அதனால்தான் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள், ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன் என்று சொன்னேன். இனிமேலும் கேட்கலாம். ஆனால் உங்கள் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், முதலாளியின் பெயர் ஆகியவற்றை எனக்கு அனுப்ப வேண்டாம். எத்தனை வருட வேலை, என்ன சம்பளம், என்ன சிக்கல் என்று எழுதினால் போதும்.

முதலில் ஈபிஎஃப், அதாவது ஓய்வுக் காலத்துக்காகச் சம்பளத்திலிருந்து சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதி பற்றிய இந்தக் கேள்வியை எடுத்திருக்கிறேன். கொழும்பில் கடைகளில் நிற்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கேள்வி இது.

"அக்கா, நான் ஹட்டன் பக்கம். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் ஒன்பது வருடமாக வேலை. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மாதாமாதம் சம்பளத்தில் ஈபிஎஃப் என்று வெட்டுகிறார்கள். ஆனால் எனக்கு இதுவரை ஒரு துண்டுக் கடிதம்கூட வந்ததில்லை. அடுத்த மாதம் வெள்ளவத்தையில் வேறு வேலைக்குப் போகிறேன். என் காசு உண்மையில் கட்டியிருக்கிறார்களா? இப்போது அதை எடுக்கலாமா?"

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. வேலை மாறுவதற்காக மட்டும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க முடியாது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன் என்றால், பெண் திருமணத்தை ஒட்டி வேலையை விடுவது, நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நோய் அல்லது ஊனம், நாட்டைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்வது, ஓய்வூதியம் உள்ள அரச வேலையில் சேர்வது போன்ற காரணங்கள் இருக்க வேண்டும். வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் பத்து வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் இருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்பது வருடம்தான் ஆகிறது. புதிய இடத்திலும் ஒழுங்காகக் கட்டினால் அந்தக் கதவும் திறக்கும்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். அதுதான் பெரியது.

சம்பளச் சீட்டில் ஈபிஎஃப் என்று ஒரு தொகை கழிந்திருந்தால், உங்கள் கையிலிருந்து அந்தக் காசு போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. நிதியை வைத்திருக்கும் மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சாட்சியில்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். விலகும் நாளில்தான் தேடுகிறார்கள். நீங்கள் விலகுவதற்கு முன்பே கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கடையில் இருக்கும்போது கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆவணங்கள், வெளியே வந்த பிறகு எளிதில் கிடைப்பதில்லை.

கணக்கு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் உங்களிடம் 3,200 கழித்து, முதலாளி தன் கையிலிருந்து 4,800 போட்டு, மொத்தம் 8,000 ரூபாயை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். முதலாளி தன் 12 வீதத்தை உங்கள் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. "மொத்தம் 20 வீதம் வெட்டுவோம், எல்லாம் உன் பேரில்தானே கிடக்கும்" என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோதம்.

இதோடு ஈடிஎஃப் என்று சொல்லும் ஊழியர் நம்பிக்கை நிதியமும் உண்டு. அது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். அதற்கு 3 வீதம், முழுக்க முழுக்க முதலாளியின் பணம். 40,000 சம்பளத்துக்கு 1,200 ரூபாய். சீட்டில் ஈடிஎஃப் என்று உங்களிடம் ஏதாவது கழித்திருந்தால் உடனே கேளுங்கள்.

கடைகளில் அடிக்கடி நடக்கும் இன்னொன்றும் இருக்கிறது. கையில் 50,000 தருவார்கள். சீட்டில் அடிப்படைச் சம்பளம் 27,000, மீதி 23,000 "கொடுப்பனவு" என்று இருக்கும். ஈபிஎஃப் 27,000க்கு மட்டும் கட்டுவார்கள், அதாவது 5,400 ரூபாய். ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி, தரகு, விடுமுறை நாளுக்கான சம்பளம் எல்லாம் ஈபிஎஃப் கணக்கில் சேர வேண்டியவை. மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. அந்த 23,000மும் வாழ்க்கைச் செலவுப் படி போன்றதாக இருந்தால் 50,000க்கு 10,000 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். மாதம் 4,600 ரூபாய் உங்கள் பெயருக்கு வராமல் போகிறது. அதில் 2,760 ரூபாய் முதலாளி தர வேண்டிய பங்கு. வட்டியையும் சேர்த்து யோசியுங்கள். 2022க்கு 9 வீதமும் 2023க்கு 13 வீதமும் அங்கத்தவர் கணக்குகளுக்கு வரவு வைத்தார்கள். கட்டாமல் விட்ட பணத்துக்கு அந்த வட்டியும் இல்லை.

இப்போது எங்கே போய்ப் பார்ப்பது? ஈபிஎஃப் இரண்டு வீட்டுப் பிள்ளை மாதிரி. பணத்தையும் கணக்கையும் வைத்திருப்பது மத்திய வங்கி. சட்டத்தை அமுல்படுத்துவது, முறைப்பாடு கேட்பது, பணம் எடுக்கும் விண்ணப்பத்தை வாங்குவது தொழில் திணைக்களம். உங்களுக்கு முதலில் வேண்டியது கணக்கு. கோட்டையில் சேர் பாரோன் ஜயதிலக்க மாவத்தையில் லொய்ட்ஸ் கட்டடத்தில் மத்திய வங்கியின் ஈபிஎஃப் திணைக்களம் இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்து நடந்தே போகலாம். அடையாள அட்டையோடு போய் உங்கள் கணக்கைப் பார்க்கக் கேளுங்கள், அப்படியே இணைய வசதிக்கும் பதிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடிதம் வரவில்லை என்பதை வைத்து மட்டும் காசு கட்டவில்லை என்று முடிவெடுக்காதீர்கள். முகவரி தவறாக இருந்தாலும் கடிதம் வராது.

போவதற்கு முன் உங்கள் ஈபிஎஃப் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் இரண்டு பகுதி இருக்கும், ஒன்று முதலாளியின் பதிவு எண், மற்றது அந்த நிறுவனத்தில் உங்கள் அங்கத்தவர் எண். ஒழுங்கான சம்பளச் சீட்டில் இது அச்சிட்டிருக்கும். சீட்டே தராத கடை என்றால் கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். எண்ணே இல்லை என்று பதில் வந்தால் உங்களைப் பதியவே இல்லை என்ற சந்தேகம் வர வேண்டும். ஒரே ஒரு ஊழியர் இருக்கும் கடையும் கட்டத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். "ஆறு மாதம் பயிற்சி, அப்புறம்தான் ஈபிஎஃப்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கணக்கு கைக்கு வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வருடவாரியாகப் பாருங்கள். நீங்கள் சேர்ந்த வருடத்திலிருந்து தொடங்குகிறதா? இடையில் ஏதாவது வருடம் மெலிந்திருக்கிறதா? கொரோனா காலத்து 2020, 2021, அப்புறம் நெருக்கடி வந்த 2022 ஆகியவற்றைக் குறிப்பாகப் பாருங்கள். அந்த வருடங்களில் சம்பளம் தந்த மாதங்களுக்கு ஈபிஎஃப்பும் வந்திருக்க வேண்டும். வருடத்துக்கு வந்த தொகையை உங்கள் சம்பளத்தின் 20 வீதத்தோடு ஒப்பிடுங்கள்.

அதற்குப் பிறகு உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலையகத்திலிருந்து வரும் நம்மவர்களுக்கு இது பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறி ஒரு பெயர், கடைப் பதிவேட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று மூன்று பெயர்களோடு வருகிறவர்கள் உண்டு. தகப்பன் பெயர் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் இருக்கும். அடையாள அட்டை எண்ணும் 2016க்குப் பிறகு 12 இலக்கமாக மாறிவிட்டது. பழைய 9 இலக்கமும் 'வி' எழுத்தும் உள்ள எண்ணில் பதிந்துவிட்டுப் பிறகு புதிய அட்டை எடுத்தவர்கள், இரண்டும் ஒருவரே என்று பதிவில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் திருத்த முதலாளியின் கடிதம் பெரிய உதவி. கடை மூடிய பிறகு, முதலாளி இறந்த பிறகு, அந்தக் கடிதத்துக்கு அலைவது மிகக் கஷ்டம். நீங்கள் இன்னும் கடையில் இருக்கிறீர்கள், இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் உங்களுக்கு வேறு அங்கத்தவர் எண் வரும். அது வழமைதான். இரண்டு கணக்கிலும் அடையாள அட்டை எண் ஒன்றாக இருந்தால் பின்னால் இணைப்பது எளிது.

எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதி. குறைந்திருந்தால்?

முதலில் முதலாளியிடம் அமைதியாகக் கேளுங்கள். கணக்காளர் விட்ட தவறாக இருக்கலாம், வேறொருவர் எண்ணுக்குப் போயிருக்கலாம். எழுத்தில் கேட்பது நல்லது, வட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. பதில் இழுபட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது, மாவட்டங்களிலும் தொழில் அலுவலகங்கள் உண்டு. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வங்கிக்கு வந்திருந்தால் அதன் அறிக்கை, கடை அடையாள அட்டை, வரவுப் பதிவின் படம், மத்திய வங்கிக் கணக்கின் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சம்பளத்தைக் கையில் மட்டும் வாங்கியவர்கள், கூட வேலை செய்தவர்களைச் சாட்சிக்கு யோசித்து வைக்க வேண்டும். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். அரச திணைக்களத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதித் தருகிறேன் என்று வாசலில் நிற்பவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

திணைக்களம் விசாரித்து, கட்டாத தொகையைக் கட்டச் சொல்லும். தாமதத்துக்கு ஏற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் முதலாளி மேல் விழும். அப்படியும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் வழியாக அறவிட முடியும். இந்த 50 வீதத்தைப் பற்றித் தெரிந்தவுடன் கட்டிவிடும் முதலாளிமார் உண்டு. அதனால் கேட்கும்போதே மரியாதையாக அதையும் குறிப்பிடுவதில் தப்பில்லை. வேலையில் இருந்துகொண்டே முறைப்பாடு செய்யப் பயம் இருக்கும், அது நியாயமான பயம். உங்கள் விஷயத்தில் ஒரு மாதம்தான் இருக்கிறது. ஆவணங்களையும் கடிதத்தையும் முதலில் கையில் எடுத்துக்கொண்டு, விலகிய பிறகு முறைப்பாட்டைக் கொடுப்பதுதான் என் யோசனை.

விலகும்போது நீங்கள் எடுக்கக்கூடிய பணமும் இருக்கிறது. ஈடிஎஃப் பணத்தை வேலை மாறும்போது எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். இப்போது எடுத்தால் அடுத்த ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அவசரக் கடன் ஏதும் இல்லையென்றால் விட்டு வையுங்கள் என்பேன். அறை வாடகைக்கும் கைச்செலவுக்கும் கரைந்துபோகும் தொகை அது.

ஈடிஎஃப்பைவிடப் பெரிய தொகை பணிக்கொடை. நம்மவர்கள் அதைத்தான் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. 40,000 என்றால் ஒன்பது வருடத்துக்கு 1,80,000 ரூபாய். நீங்களாகவே விலகினாலும் இது உண்டு. விலகி 30 நாட்களுக்குள் தர வேண்டும். உங்கள் கடையில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. விலகுவதற்கு முந்தைய 12 மாதங்களில் இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். களஞ்சிய அறையில் நிற்கிறவர்கள், சாரதி, மேல்மாடியில் தையல் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் எண்ணிக்கையில் சேருவார்கள். விலகுவதை வாயால் சொல்லிவிட்டு வராமல் கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்று ஒரு தாளை நீட்டினால், பணிக்கொடை கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.