சில முதலாளிகள் ஊழியர்களை ஏன் மோசமாக நடத்துகிறார்கள்?

"குணம் கெட்டவர்கள், அவ்வளவுதான்" என்று முடித்துவிடலாம். ஆனால் வெளியில் தங்கமான மனிதர் என்று பெயரெடுத்தவர்கூட முதலாளி நாற்காலியில் அமர்ந்ததும் சிடுசிடுக்கிறாரே, அதற்கு அந்தப் பதில் போதாது.

முதல் காரணம் பயம் என்பேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் உரிமையாளர், காலையில் வருகைப் பதிவேட்டின் அருகிலேயே நிற்பார். ஐந்து நிமிடம் தாமதித்தவரின் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். முந்தைய நாள் அதே ஆள் இரவு ஒன்பது மணிவரை இருந்து வேலையை முடித்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கண்ணை எடுத்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்பது அவருடைய தீராத சந்தேகம். மேலாண்மை அறிஞர் டக்ளஸ் மெக்கிரெகர் 1960இல் இந்த மனப்பான்மைக்கு ‘எக்ஸ் கோட்பாடு’ என்று பெயரிட்டார்: மனிதன் இயல்பிலேயே வேலைக்குக் கள்ளன், விரட்டினால்தான் நகர்வான் என்ற நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், விரட்டப்படுகிறவர் சொன்னதை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். முதலாளியோ "பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே" என்பார்.

அடுத்தது, தட்டிக்கேட்க ஆளில்லாத நிலை. சம்பளம் நின்றால் ஊழியர் வீட்டில் அடுப்பு எரியாது; முதலாளிக்கோ ஒருவர் போனால் இன்னொருவர். பணியிட வன்முறைக்கும் தொல்லைக்கும் எதிராகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தனி உடன்படிக்கை கொண்டுவந்ததே 2019இல்தான்.

பண நெருக்கடியும் உண்டு. வாடிக்கையாளரிடம் வாங்கிய திட்டை அப்படியே கீழே இறக்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாக வேலை செய்தார் என்பதற்காகவே மேலாளராக்கப்பட்டு, ஆட்களை நடத்தத் தெரியாமல் கத்துகிறவர்கள் தனி ரகம்.