உள் டயர் மட்டும் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: லோடு லாரியின் பின்பக்க ஜோடி டயர்களில் உள் டயர் மட்டும் அடிக்கடி வெடிக்கிறது. புது டயர் போட்டும் அதே கதைதான். என்ன காரணம்?

பதில்: பெரும்பாலும் காற்றுக் குறைவுதான். உள் டயரின் வால்வு கைக்கு எட்டாது என்பதால் வெளி டயரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். பிரேக் டிரம்மின் சூடும் உள் டயரைத்தான் அதிகம் தாக்கும். வால்வுக்கு எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புக் குழாய்) போட்டு, வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போதே கேஜ் (காற்றழுத்தமானி) வைத்துப் பாருங்கள். கம்பியால் தட்டிப் பார்ப்பது போதவே போதாது. 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய டயரில் 80-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதைப் பஞ்சர் என்றே எண்ணுங்கள். அப்படி ஓடிய டயருக்கு அப்படியே காற்றடிக்காதீர்கள். உள்கம்பி அறுந்திருந்தால் அடிக்கும்போதே பக்கச்சுவர் கிழியும், ஆள் உயிருக்கே ஆபத்து. கழற்றி உள்ளே பார்த்த பிறகே காற்று.

ஓட்டத்தில் சூடாகி அழுத்தம் ஏறியதைப் பார்த்துக் காற்றை இறக்குவதும் தவறு. ஆறியதும் குறைந்துபோகும்.

புது டயரையும் தேய்ந்த டயரையும் ஜோடி சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே ஹப்பில் (சக்கர மையத்தில்) சுற்றுவதால் பெரியது பாரம் சுமக்கும், சிறியது இழுபட்டுத் தேயும். இரு டயர்களின் விட்டத்தில் (குறுக்களவில்) வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சிறியதை உள்ளே போடுங்கள். இரண்டுக்கும் நடுவே சிக்கிய கல்லையும் எடுத்துவிடுங்கள்.