குட்டி அழகாக இருக்கிறது, பக்கத்தில் போகலாமா?

வால்பாறை, மலக்கப்பாறை, மறையூர், மூணாறு பக்கம் குடியிருப்பவர்களும் சுற்றிப் பார்க்க வருபவர்களும் காட்டு விலங்குகளைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஒரு தேவாங்கு கையைத் தூக்கிக்கொண்டு கூச்சத்தில் நெளிகிற வீடியோ பார்த்தேன். அது கடிக்குமா? நம் பக்கம் இருப்பதும் அதேதானா? (கோவை, கல்லூரி மாணவி)

அது கூச்சம் இல்லம்மா, பயம். அந்த மாதிரி வீடியோக்களில் வருவது வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் வேறு வகை. முழங்கைக்கு உள்பக்கம் அதற்கு ஒரு சுரப்பி உண்டு. மிரண்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கும்; அந்தக் கசிவை நக்கி எச்சிலோடு கலந்து கடிக்கும். விஷக்கடி உள்ள பாலூட்டிகள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. வீட்டில் வளர்ப்பவர்கள் பலர் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இனி அந்த வீடியோ வந்தால் லைக் போடாதே.

நம்மூர்த் தேவாங்கு குச்சிக் கைகாலோடு, கால் கிலோ அளவில், பூச்சி பிடித்துத் தின்று பிழைப்பது. அதனால் நமக்கு ஆபத்து என்பதைவிட நம்மால் அதற்கு ஆபத்து என்பதே சரி. மாந்திரீகம் என்று சொல்லி எத்தனையோ தேவாங்குகளைக் கொன்றிருக்கிறார்கள். 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் காட்டை அதற்கென்றே சரணாலயமாக அறிவித்தார்கள். இரவில் பார்த்தால் டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காமல் நகர்ந்துவிடு.

கொழுந்து எடுக்கும்போது செடிக்கு அடியில் பூனைக்குட்டி மாதிரி இரண்டு கிடந்தன. சிறுத்தைக் குட்டி என்கிறார்கள். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டதா தம்பி? (வால்பாறை, எஸ்டேட் தொழிலாளி)

விட்டுவிட்டுப் போகவில்லை அக்கா. இரை தேடப் போயிருக்கும், இல்லையென்றால் நீங்கள் பேசுவதைக் கேட்டபடி பத்து வரிசை தள்ளிப் படுத்திருக்கும். காட்டுப்பூனைக் குட்டியாகவே இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். தொடாமல், போட்டோ எடுக்கக் கூட்டம் சேர்க்காமல், வந்த வழியே எல்லோரும் சேர்ந்து திரும்புங்கள். சூப்பர்வைசரிடம் சொல்லி அந்தப் பகுதியில் அன்றைக்குக் கொழுந்து எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், வனத்துறைக்கும் தகவல் போகட்டும். தொந்தரவு இல்லாவிட்டால் பெரும்பாலும் இருட்டிய பிறகு தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். வீட்டுக்கு எடுத்து வந்து பால் ஊற்றினால் தாயும் தேடிக்கொண்டு லைன் வீட்டுப் பக்கம் வரலாம்.

மான்குட்டிக்கும் இதே பதில். தாய் மேயப் போகும்போது குட்டியைப் புதரில் அசையாமல் படுக்க வைத்துவிட்டுத்தான் போகும். அனாதை என்று நினைத்துத் தூக்கி வருபவர்கள்தான் அதை அனாதை ஆக்குகிறார்கள்.

ரோட்டோரம் யானைக்குட்டி தனியாக நின்றால் வண்டியை நிறுத்திப் பார்க்கலாமா? (சாலக்குடி–மலக்கப்பாறை வழியில் அடிக்கடி போகிறவர்)

தனியாக நிற்கும் யானைக்குட்டி என்று ஒன்று அநேகமாகக் கிடையாது சார். பிறக்கும்போதே ஏறக்குறைய 100 கிலோ இருக்கும் பிள்ளை அது. அம்மா, பெரியம்மா, சித்தி எல்லோரும் மூங்கிலுக்குப் பின்னால் நிற்பார்கள். குட்டி சாலையின் ஒரு பக்கம், கூட்டம் மறுபக்கம் என்று இருக்கும்போது நடுவில் நம் கார் போய் நிற்பதுதான் மிக மோசமான நிலை. தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், ஃப்ளாஷ் வேண்டாம், இறங்கவே வேண்டாம். அவை கடக்கும் வரை காத்திருங்கள். நம் பக்கம் திரும்பினால் மெல்ல ரிவர்ஸ் எடுங்கள்.

அதிரப்பள்ளி போனபோது குட்டிக் குரங்குக்கு என் மகன் முறுக்கு கொடுத்தான். பெரியது ஒன்று பாய்ந்து வந்து கையைக் கீறிவிட்டது. லேசான கீறல்தான். மஞ்சள் வைத்தோம். போதுமா? (பாலக்காடு, ஒரு தாய்)

போதாதும்மா. இதைப் படித்ததும் பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கீறல் பட்டு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். நாய் மட்டுமல்ல, எந்தப் பாலூட்டி கடித்தாலும் கீறினாலும் வெறிநோயை நினைத்தே ஆக வேண்டும். நோய்க்குறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. கீறியவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. தடுப்பூசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களிலும் போடுவார்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு ஊசி தேவைப்படும், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குரங்கு விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். காட்டுக்குள் பழம் தின்று திரிந்ததைக் கைப்பையைப் பறிக்கிறதாக மாற்றியது முறுக்கும் சிப்ஸும்தான். மனிதனைக் கண்டு ஓடுகிற குரங்கால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. மடியில் வந்து உட்காருகிறதே, அதுதான் கடிக்கும். பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அது எச்சரிக்கை. கண்ணோடு கண் பார்த்து முறைக்கவும் கூடாது. பாக்கெட்டைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், பத்து ரூபாய் போனால் போகட்டும். வால்பாறைப் புதுத்தோட்டம் பக்கத்துச் சிங்கவால் குரங்குகளுக்கும் இதே பழக்கம் வந்துவிட்டது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத இனம், இன்று அடுப்படி ஜன்னலில் நிற்கிறது.

இன்னொன்று. செத்துக் கிடக்கும் குரங்கின் பக்கத்தில் போகாதீர்கள். குரங்குக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கண்டுபிடித்தார்கள், பிறகு வயநாட்டிலும் வந்தது. உண்ணி கடித்துப் பரவும். செத்த குரங்கின் மேலிருக்கும் உண்ணிகள் அந்த இடத்தில் உதிர்ந்து கிடக்கும்.

ராஜமலை வரையாடு கிட்டேயே வருகிறதே, தடவலாமா? (மதுரை)

கூடாது. முட்டுவது அபூர்வம்தான், ஆனால் நன்றாக வளர்ந்த கடா 100 கிலோ வரும். கொம்பைப் பிடித்துப் படம் எடுத்து கைதானவர்கள் உண்டு.

முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி எய்யுமா? (மறையூர்)

எய்யாது. முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி ஓடி வந்து குத்தும். உங்கள் நாயைப் பிடித்துக் கட்டுங்கள்.

உங்களுக்கு எதைக் கண்டால் பயம் அண்ணே? (உடுமலை)

கரடி. தாயின் முதுகில் இரண்டு குட்டி ஏறி உட்கார்ந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் மண்ணில் மூக்கை நுழைத்துக் கறையான் உறிஞ்சும்போது சுற்றி நடப்பது அதற்குத் தெரியாது. திடீரென்று பக்கத்தில் நம்மைக் கண்டால் ஓடுவதற்குப் பதில் பாயும், அதுவும் முகத்தைப் பார்த்து. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தோட்டத்து வழியில் போனால் டார்ச் வேண்டும், சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். யானை என்றாலாவது அது கிளை ஒடிக்கிற சத்தம் தூரத்திலேயே நமக்குக் கேட்கும்.

எங்கள் ஓட்டு வீட்டு மச்சில் மரப்பட்டி (மரநாய்) குட்டி போட்டிருக்கிறது. விரட்டவா? (கொல்லங்கோடு)

இப்போது வேண்டாம். குட்டிகள் பெரிதானதும் தாயோடு தானாகவே போய்விடும். அதுவரை மச்சில் ஏறாதீர்கள், கையை விடாதீர்கள். எல்லாம் வெளியே போய்விட்டதா என்று இரண்டு மூன்று இரவு பார்த்து உறுதி செய்துகொண்டு, பிறகு ஓட்டு இடுக்கைக் கம்பிவலை வைத்து அடையுங்கள். ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும் பலாக்கிளையையும் வெட்டிவிடுங்கள், அதுதான் அதற்கு ஏணி.