வெந்த தீவனம், பழைய சாக்கு: வாசகர் கேள்வி-பதில்

மழை பிடிப்பதற்கு முன்னால் தவிடு, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் வாங்கி அடுக்குகிற காலம். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: தீவனத்தில் வைரஸ் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

மண்டபம் வாசகர்: சங்காய மீனை (விலைபோகாத கழிவு மீன்) மணலில் மூன்று நாள் காயவைத்து, இடித்து நாட்டுக்கோழிக்குப் போடுகிறேன். அந்த வெயிலில் வைரஸ் செத்துவிடும்தானே?

மேலே இருப்பது சாகும். வெயில் படாத அடிப்பக்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது. மீனுக்கு வரும் வைரஸ் கோழிக்கு வராது, அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் மணலில் காயும் மீன்மேல் காக்கை உட்காருகிறது, தெருக்கோழி நடக்கிறது. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி வைரஸ் நோய் அந்த எச்சத்தில் வரும். உப்புப் போட்டிருக்கிறேன் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். உப்பை நம்பி வைரஸை விடாதீர்கள். உப்புக் கண்டத்தில் மாதக்கணக்கில் பிழைக்கும் வைரஸ்கள் உண்டு. மீனை முதலில் அரை மணி நேரம் நன்றாக வேகவையுங்கள். அப்புறம் இடுப்பு உயரத்தில் பரண் கட்டி, மேலே பழைய வலையை மூடிக் காயவையுங்கள். வைரஸை ஈரச் சூடு சீக்கிரம் கொல்லும். காய்ந்த தூளை வாணலியில் வறுப்பது அதற்கு ஈடாகாது. வேகவைத்ததை அள்ளிப் பழைய சாக்கில் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

தொண்டி வாசகர்: சோயாப் புண்ணாக்கில் வைரஸ் அதிக நாள் இருக்கும் என்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கலாம். கப்பல் பயணத்தைப் போலவே சூழலை அமைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஒரு மாதப் பயணத்துக்குப் பிறகும் பல வைரஸ்கள் சோயாவில் பிழைத்திருந்தன, ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸ் உட்பட. அது பாதியாகக் குறையச் சுமார் 10 முதல் 14 நாள் ஆகிறது. ஆனால் அந்தச் சோதனை குளிர்ச்சியான சூழலில் நடந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் வேகமாகக் குறையும். எண்ணெய் எடுத்தபின் ஆலையில் கொடுக்கும் ஆவிச் சூட்டில் முதலில் இருந்தது செத்துவிடும். ஆலைக்கு வெளியே வந்தபின் ஒட்டுவதுதான் பிரச்சினை.

சிக்கல் வாசகர்: சீமைக் கருவேல நெற்று சேர்த்து வைத்து வெள்ளாட்டுக்குப் போடுகிறேன். ஆட்டுக்கொல்லி நோய் அதில் வருமா?

வராது. அந்த வைரஸ் 37 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். சந்தையில் வாங்கிய புது ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், தடுப்பூசி போடுங்கள்.

ஊர் எழுதாத வாசகர்: தீவனத்தில் வைரஸ் வராமல் இருக்க என்ன மருந்து, எவ்வளவு கலக்க வேண்டும்? உடனே பதில் தேவை.

கோழியா, இறாலா, ஆடா என்று சொல்லவில்லை. என்ன தீவனம், எத்தனை நாள் இருப்பு என்றும் சொல்லவில்லை. இதற்கு அளவு சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். இன்னொன்று: ஆன்டிபயாடிக் எந்த வைரஸையும் கொல்லாது. இதை எத்தனை முறை எழுதினாலும் தீவனத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

திருப்புல்லாணி வாசகர்: நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குக் கம்போரோ என்ற வைரஸ் நோய் வந்து பாதி போய்விட்டது. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, புதுக் குஞ்சு விட்டேன். மறுபடி வந்துவிட்டது. தவிடு நல்ல தவிடுதான்.

தவிடு நல்லதாகவே இருக்கட்டும். அது எந்தச் சாக்கில் வந்தது? கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 'பிராய்லர் பண்ணையில் கழித்த சாக்கு, மலிவாகக் கிடைத்தது' என்று. இதைத்தான் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறேன். பண்ணையில் காலியான சாக்கு கொட்டகைத் தரையில் கிடக்கிறது, கோழி அதன்மேல் ஏறி எச்சமிடுகிறது. அதைக் கட்டுக்கட்டாக வாங்கி, உதறி, தவிடு நிரப்பி இன்னொரு ஊரில் விற்கிறார்கள். கழுவுவதில்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை.

கம்போரோ வைரஸ் லேசில் சாகாது. நோய் வந்த கொட்டகையில் நான்கு மாதம், தீவனத்திலும் எச்சத்திலும் ஏறக்குறைய 50 நாள் பிழைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். 70 டிகிரியில் அரை மணி வேண்டும். வெயிலில் உதறிப் போட்ட சாக்கு எந்த மூலைக்கு?

வீட்டில் இருக்கிற ஒரு சாக்கை எடுத்து உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். அடித்தையலை விரித்து, சிமென்ட் தரையில் தட்டுங்கள். பூஞ்சிறகு, கடுகளவு உலர்ந்த எச்சத் துணுக்கு, மக்கிய தவிடு எல்லாம் தையல் மடிப்பிலிருந்து விழும். பழைய சாக்குதான் என்றால் நெல் அவிக்கும் அண்டாவில் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் நிரப்புங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இதைவிடப் புதுச் சாக்கு வாங்குவது எளிது. உங்கள் சாக்கில் பெயின்டால் ஒரு குறி போட்டுக்கொண்டு, தவிட்டுக் கடைக்கு அதையே கொண்டுபோங்கள். உங்கள் காலிச் சாக்கையும் அடுத்தவருக்கு விற்காதீர்கள்.

தேவிபட்டினம் வாசகர்: இறால் தலையை ஃப்ரீசரில் வைத்திருந்து நண்டுக் குட்டைக்குப் போடலாமா?

பச்சையாகக் கூடாது. ஃப்ரீசர் வைரஸைக் கொல்லாது, பத்திரமாக வைத்திருக்கும். இறாலுக்கு வரும் வெண்புள்ளி வைரஸ் 60 டிகிரி தண்ணீரில் ஒரு நிமிடத்தில் சாகும் என்றாலும், குவியலின் நடுவில் சூடு ஏறக் கால் மணி நேரமாவது கொதிக்க வேண்டும். நண்டு நோய் காட்டாமலே அதைச் சுமக்கும். உங்கள் குட்டைத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பக்கத்து இறால் பண்ணைக்குப் போகிறதா என்று பாருங்கள். இறால் குட்டைக்கு வெந்த தலையும் வேண்டாம்.

கீழக்கரை வாசகர்: பி.சி.ஆர். சோதனையில் தீவனத்தில் வைரஸ் இருப்பதாக வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடவா?

அவசரப்படாதீர்கள். செத்த வைரஸின் மரபணுத் துண்டையும் பி.சி.ஆர். காட்டும். உயிரோடு இருக்கிறதா என்பது வேறு சோதனை. அது தெரியும்வரை அந்த லாட்டைத் தனியே பூட்டி வையுங்கள், சாக்கையும் சேர்த்துத்தான்.

ராமநாதபுரம் வாசகர்: ஹோட்டல் மிச்சத்தைப் பன்றிக்குக் கொதிக்கவைத்துப் போடுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டும்?

90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே. உலக விலங்குச் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு அது. பச்சை மிச்சத்தைக் கிளறிய அகப்பையை வெந்ததில் போடாதீர்கள்.