15, 14 என்று நின்றுவிட்டால்: வாசகர் கேள்வி – பதில்

நாலுக்கு நாலு கட்டத்தில், ஒரு காலி இடத்தை வைத்துக்கொண்டு 1 முதல் 15 வரை எண்களை நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டைக் கணினியில் ஆடுகிறேன். 13 வரை ஒழுங்காக வந்துவிடுகிறது. கடைசியில் 15, 14 என்று மாறி நிற்கிறது. மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். எங்கே தவறு?
– வாசகர், குடியாத்தம்

தவறு உங்களுடையது அல்ல, அந்த விளையாட்டை எழுதியவருடையது. அந்த நிலையிலிருந்து எத்தனை நாள் நகர்த்தினாலும் தீராது. பலகையைச் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பு வெள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் காலி இடம் நிறம் மாறும். கிளம்பிய மூலைக்கே அது திரும்ப வேண்டுமானால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒரு நகர்த்தல் என்பது ஒரு காயும் காலி இடமும் இடம் மாறிக்கொள்வது, அவ்வளவே. 14, 15 மட்டும் மாறுவது ஒரே ஒரு இடமாற்றம், அதாவது ஒற்றைப்படை. இரட்டைப்படை மாற்றங்களால் அதைக் கொண்டுவர முடியாது. 1879இலேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் ஓர் அமெரிக்கக் கணித இதழில் இதை நிறுவிவிட்டார்கள். சாம் லாய்ட் என்ற புதிர்க்காரர் இதே நிலைக்கு 1000 டாலர் பரிசு அறிவித்ததும் அதனால்தான்: பணம் கைவிட்டுப் போகாது என்று அவருக்குத் தெரியும். புதிரைக் கண்டுபிடித்தது தாம்தான் என்றும் சொல்லிக்கொண்டார். உண்மையில் அது நியூயார்க் மாநிலத்து அஞ்சல் அதிகாரி நாய்ஸ் சாப்மன் உருவாக்கியது.

அடுத்த முறை ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். காலி இடத்தை வலது கீழ் மூலைக்குக் கொண்டுபோங்கள். பிறகு மேலிருந்து வரிசையாகப் படித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் ஆடலாம். ஒற்றைப்படை என்றால் கலைத்துவிட்டு வேறு ஆட்டம் கேளுங்கள்.

ஒரு வேடிக்கை: 15, 14 என நிற்கும் பலகையில், காலி இடத்தை முதல் கட்டத்தில் வைத்து அடுத்து 1 முதல் 15 வரை வரிசையாக அடுக்க முடியும்! கணினிதான் அதை வெற்றியாக ஒப்புக்கொள்ளாது.

வேலூர்க் கோட்டை அகழியோடு இருக்கும் படத்தைப் பதினாறாக வெட்டி ஆடுகிறோம். மதில் துண்டுகள் இரண்டு மட்டும் மாறி நிற்கின்றன. இதுவும் தீராத ஆட்டம்தானா?
– வாசகி, சத்துவாச்சாரி

அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் இது தீரும். உங்கள் படத்தில் மேல் வரிசை முழுக்க வானமாக இருக்கும், கீழ் வரிசை அகழித் தண்ணீர். வானத் துண்டுகள் இரண்டைப் பார்வையால் பிரித்தறிய முடியாது. அவை இரண்டும் மாறி உட்கார்ந்திருப்பதால்தான் கணக்குச் சரியாக வேண்டி மதிலில் இன்னொரு ஜோடி மாறி நிற்கிறது. மேல் வரிசைக்குத் திரும்பிப் போய், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வானத் துண்டுகளை இடம் மாற்றி அமையுங்கள். கீழே உள்ளதைப் புதிதாக அடுக்கினால் மதில் தானாக நேராகிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. படம் கண்ணுக்குக் கச்சிதமாக இருக்கும், கணினி மட்டும் ‘முடிந்தது’ என்று சொல்லாது. அப்போது வானத்தில் ஒரு ஜோடி, தண்ணீரில் ஒரு ஜோடி என இரண்டு ஜோடிகள் மாறியிருக்கலாம், அல்லது ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் சுற்றி மாறியிருக்கலாம். ஒரே ஒரு ஜோடி மட்டும் மாறியிருக்க வழியில்லை. துண்டுகளில் எண் காட்டும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை வானம் குறைவாகவும் கோபுரச் சிற்பம் நிறையவும் உள்ள படமாக எடுங்கள், ஜலகண்டேசுவரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறதே.

1, 2 எளிதாக உட்காருகின்றன. 3ஐ வைத்தபின் 4ஐ மூலைக்குக் கொண்டுவந்தால் 3 கலைகிறது. என்ன வழி?
– வாசகர், ராணிப்பேட்டை

3ஐ அதன் வீட்டில் வைக்காதீர்கள், அதுதான் சூட்சுமம். 4ஐ முதலில் மூன்றாம் வரிசைக்கோ அதற்குக் கீழேயோ தள்ளிவிடுங்கள். பிறகு 3ஐ வலது மேல் மூலையில், 4 இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். 4ஐ 3க்கு நேர் கீழே ஏற்றுங்கள். ஏற்றியதும் காலி இடம் 4க்குக் கீழே நிற்கும். இனி காய்கள் நகர வேண்டிய திசை: வலது, கீழ், கீழ், இடது, மேல். நாலாவது அசைவில் 3 வீட்டுக்குப் போகும், ஐந்தாவதில் 4 மூலையேறும்.

பலர் சறுக்குவது எங்கே என்றால், 4ஐத் தள்ளிவிடாமல் 3ஐ மூலைக்கு ஏற்றும்போது. 4 பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு ‘4, 3’ என்று நின்றுவிடும். அப்போது இரண்டையும் கீழே இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே வேகம்.

இரண்டாம் வரிசைக்கும் இதே வழி. கடைசி இரண்டு வரிசைகளை மட்டும் பத்தி பத்தியாக முடியுங்கள். 9 இடது கீழ் மூலையில், 13 அதன் வலப்பக்கம், காலி இடம் 9இன் வீட்டில். இப்போது 9 மேலே, 13 இடது. 10, 14 ஜோடிக்கும் அப்படியே. மிச்சமுள்ள மூன்று காய்களையும் சுற்றினால் போதும்.

வலது அம்புக்குறியை அழுத்தினால் காய் இடப்பக்கம் போகிறது. விசைப்பலகை கெட்டுவிட்டதா?
– வாசகர், ஆற்காடு

இல்லை. சில விளையாட்டுகளில் அம்புக்குறி காயை நகர்த்தும், சிலவற்றில் காலி இடத்தை. உங்களுடையது இரண்டாம் வகை. ராணிப்பேட்டை வாசகருக்குச் சொன்னதை நீங்கள் இடது, மேல், மேல், வலது, கீழ் என்று அழுத்த வேண்டும்.

இந்த விளையாட்டை நானே நிரலாக எழுதுகிறேன். எப்படிக் கலைப்பது? தீர்வையும் கணினியே கண்டுபிடிக்க வேண்டும்.
– கல்லூரி மாணவர், காட்பாடி

எண்களைச் சீட்டுக்கட்டுபோலக் குலுக்கிப் போட்டால் பாதி ஆட்டங்கள் தீராதவையாகவே வரும். குடியாத்தம் வாசகரைப் படுத்தியது அப்படியொரு நிரல்தான். குலுக்கியபின் மேலே சொன்ன சோதனையைச் செய்து, தீராது என்றால் ஏதேனும் இரண்டு காய்களை இடம் மாற்றிவிடுங்கள். அந்த இரண்டில் ஒன்று காலி இடமாக இருந்துவிடக் கூடாது. இல்லையென்றால் தீர்ந்த நிலையிலிருந்து சில நூறு முறை முறையாக நகர்த்திக் கலைக்கலாம். அதில், போன அசைவை உடனே திருப்பிப் போடுவதைத் தடுக்க மறக்காதீர்கள்.

தீர்வுக்கு முதலில் மூன்றுக்கு மூன்றில் பழகுங்கள். அதில் தீரக்கூடிய நிலைகள் 1,81,440தான். அகலவாரித் தேடலே (ஒரு நகர்த்தல், இரண்டு நகர்த்தல் என்று அடுக்கடுக்காக எல்லா நிலைகளையும் பார்ப்பது) போதும், எந்த நிலையும் 31 நகர்த்தலுக்குள் முடிந்துவிடும். நாலுக்கு நாலில் அவை பத்து லட்சம் கோடியைத் தாண்டும், நினைவகம் தாங்காது. 1985இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ஃப் வெளியிட்ட ஐடிஏ ஸ்டார் (IDA*) முறையைப் பிடியுங்கள். இன்னும் எத்தனை நகர்த்தல் என்ற மதிப்பீட்டை வைத்து, எல்லையைப் படிப்படியாக உயர்த்தித் தேடும் முறை அது. ஒவ்வொரு காயும் தன் வீட்டிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று கூட்டி அதை மதிப்பீடாகக் கொடுங்கள். காலி இடத்தின் தூரத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுவது வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் மதிப்பீடு உண்மையைவிட மிஞ்சிப்போய், கிடைக்கும் தீர்வு மிகக் குறுகியதாக இருக்கும் என்ற உறுதி போய்விடும். உங்கள் நிரல் ‘மிகக் குறுகிய வழி’ என்று 80ஐத் தாண்டிய எண்ணைக் காட்டினால் அதில் பிழை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு காய் என்று கணக்கிட்டால், எவ்வளவு மோசமான நிலையும் 80 நகர்த்தலில் தீரும்.